சிவப்புக் காரில் வெறுங்கால்

எங்கள் குஷன் பட்டறை ஆரப்பாளையத்தில் இருந்தது. பஸ், லாரி, கார் என்று எது வந்தாலும் சீட்டு தைத்துக் கொடுப்போம். வெட்டுவது என் வீட்டுக்காரர், தைப்பது நான். கையெழுத்துப் போடச் சொன்னால் கோணும், தையல் கோணாது. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

என் தம்பி சமயநல்லூர்ப் பக்கம் ஒரு பெரிய விவசாயக் குடும்பத்தில் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த முதலாளிக்கு வயலும் அரிசி மில்லும் இருந்தன. ஆனால் உயிரெல்லாம் வேகமாக ஓடும் கார்கள் மேல். அப்படி மூன்று வைத்திருந்தார். எமர்ஜென்சி முடிந்து இரண்டாவது கோடையில், மெட்ராசில் நடக்கும் கார் ரேசுக்கு அதில் ஒன்றை அனுப்புவது என்று முடிவு செய்துவிட்டார். எந்தக் கார், ஓட்டப்போவது யார் என்பதுதான் பாக்கி. ஓட்ட இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தன் என் தம்பி. இன்னொருத்தர் முதலாளியின் மச்சினன். காலேஜ் படித்த பிள்ளை, நல்ல கை. தம்பிக்கு வாய்க்கவில்லை என்றால் வழக்கம்போல வீட்டுப் பெண்களைக் கோயிலுக்கும் ஜவுளிக்கடைக்கும் கூட்டிப்போய் வரவேண்டியதுதான். அதை அவன் ஒருநாளும் கேவலமாக நினைத்ததில்லை. ஆனாலும் அந்த வாரம் முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மதுரைக்குத் தெற்கே பொட்டல்காட்டில், உலகச் சண்டைக் காலத்தில் விமானம் இறங்குவதற்குப் போட்ட சிமெண்டுத் தளம் ஒன்று கிடந்தது. வெடிப்பெல்லாம் எருக்கஞ்செடி. மேய்ந்த ஆடுகளை விரட்டிவிட்டு, இரண்டு முனையிலும் தார் டின்களை வளைத்து அடுக்கியிருந்தார்கள். அந்த டின்களைச் சுற்றித் திரும்பி வந்தால் ஒரு ரவுண்டு.

எங்களைக் கூப்பிட்டது சீட்டுக்காக. வளைவில் ஆள் வழுக்கிப் போகிறான், இறுக்கிப் பிடிக்கிற மாதிரி தைக்கவேண்டும் என்றார் முதலாளி. எங்கே பிடிக்கவேண்டும் என்பது உட்கார்ந்து போய்ப் பார்த்தால்தானே தெரியும்? முதலில் என் வீட்டுக்காரர்தான் ஏறப் பார்த்தார். அவர் நல்ல கனத்த உடம்பு. சிவப்புக் காருக்குள் ஒரு காலை விட்டவர் மறு காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

“மச்சான், நீங்க உள்ள போனா நான் வெளிய நின்னுதான் ஓட்டணும்” என்றான் தம்பி.

“போடா மாப்ள. ஒங்கக்காவ ஏத்திக்க. அவ வாயி மட்டுந்தான் பெருசு.”

அப்படித்தான் நான் ஏறினேன். ஓட்டுவது கூடப்பிறந்தவன் என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் சாம்பல் நிறக் கார். குடும்பக் காராக இருந்ததைக் கூரையை வெட்டி, பின்சீட்டை எடுத்துவிட்டு, இஞ்சினை மட்டும் பெரிசாக்கியிருந்தார்கள். சத்தம் அரிசி மில்லுக்குள் நிற்கிற மாதிரி. நேரே போகும்போது நல்ல வேகம்தான். டின் பக்கம் வந்ததும், வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் சரிவது போல அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். சாய்ந்தாலும் கவிழ்க்காது என்று ஒரு தைரியமும் இருந்தது. நம்ம ஊர் ஆள் மாதிரி, வாய்தான் அதிகம்.

அடுத்தது பச்சைக் கார். சின்னது, மேலே கூரை இல்லை. ஆட்டுக்குட்டியை அவிழ்த்துவிட்டது போலத் துள்ளிக்கொண்டு கிளம்பியது. வளைவில் முன்பக்கம் திரும்பிவிட்டது. பின்பக்கம் ‘நான் வரவில்லை’ என்று தனியாக ஒரு பக்கம் போனது. தம்பி ஸ்டியரிங்கை மறுபக்கம் ஒடித்து அதைச் சமாதானப்படுத்தினான். காற்றில் என் கொண்டை அவிழ்ந்து முகத்தில் அடித்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கடைசியில் சிவப்புக் கார். கொடைக்கானல் மேலே தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போனது. சீட்டு தரையிலிருந்து ஒரு சாண் உயரம் இருந்தால் அதிகம். உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டால் சிமெண்டு தட்டுப்படும். காலை நீட்டிப் படுத்த வாக்கில்தான் இருக்கவேண்டும்.

அதில் போனதை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை. மற்ற இரண்டும் தரைக்கு மேலே ஓடின. இது தரையைப் பிடித்துக்கொண்டு ஓடியது. சத்தம் காதில் கேட்கவில்லை, முதுகுத்தண்டுக்குள்ளேயே கேட்டது. டின் வருகிறது, இப்போது சாயும், இப்போது வழுக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். கார் திரும்பி முடித்துவிட்டது! சாயவும் இல்லை, வழுக்கவும் இல்லை. என் உடம்புதான் தம்பி பக்கம் போய் மோதியது. காருக்கு அப்படி ஒரு வளைவு இருந்ததே தெரியாதது போல அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பாண்டி கோயிலில் சாமி வந்து ஆடுகிறவர்களை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கிட்டே நின்றால் மேலெல்லாம் ஒரு நடுக்கம் ஏறும். அந்த நடுக்கம் ஏறியது. மனுசன் செய்ததா இது என்று நினைத்தேன்.

இறங்கியதும் முதலாளி கேட்டார்: “என்னத்தா, எது தேவல?”

“மத்த ரெண்டும் வண்டி. இது என்னன்னு எனக்குச் சொல்லத் தெரியல மொதலாளி.”

அவர் சிரித்தார். “அம்புட்டுத்தான். இதுதான் போகுது.”

தொடைக்கும் இடுப்புக்கும் பக்கத்தில் தேங்காய் நாரை அடைத்து, ரெக்சின் வைத்து, தளத்தோரம் இருந்த மரத்தடியிலேயே தைத்துக் கொடுத்தேன். அது முடியும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. இனி ஆளுக்கு மூன்று ரவுண்டு, சிவப்புக் காரில். நேரம் யாருக்குக் குறைவோ அவர் மெட்ராஸ் போகலாம்.

மச்சினன் முதலில் போனார். அழகாக ஓட்டினார், குறை சொல்லமுடியாது. இஞ்சின் சூடு ஆறுவதற்குள் தம்பி ஏறினான்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். தம்பி செருப்புப் போட்டு எந்த வண்டியும் ஓட்டியதில்லை. பூசை போட்ட வண்டி அது. மூன்று கார்களுக்கும் ஸ்டியரிங்கில் சந்தனமும் குங்குமமும் உண்டு. கதவைத் திறக்கும் முன்பே செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிடுவான். எங்கள் ஆட்களில் வண்டி ஓட்டிய பலர் அப்படித்தான். காலையில் நாங்கள் போனது கொஞ்ச நேரம், குளிர்ந்த இஞ்சின். அதனால் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

முதல் ரவுண்டு அப்படி ஒரு வேகம். இரண்டாவதும் அப்படியே. மச்சினனே “அடேயப்பா” என்றார். மூன்றாவது ரவுண்டில் பாதிக்கு மேல் கார் தளர்ந்துவிட்டது. உறுமல் விட்டுவிட்டுக் கேட்டது. எங்கள் முன்னால் வந்து நின்றபோது தம்பி இறங்கவில்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அந்தக் காரில் கால் வைக்கிற இடத்துக்கு மிக நெருக்கத்தில் இஞ்சின். தகரம் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. வலது உள்ளங்காலில் கொப்புளம் கிளம்பி ஒன்று உடைந்தும்விட்டது. கைத்தாங்கலாக இறக்கி மரத்தடியில் கொண்டுபோய் உட்காரவைத்தோம்.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். முதல் இரண்டு ரவுண்டு தம்பிதான் முந்தி. மூன்றையும் சேர்த்தால் மச்சினன் முந்தி.

“ஆறவிட்டு இன்னொரு தடவ ஓட்டட்டும் மாமா” என்றார் மச்சினன். நல்ல மனசு.

“ஏன், மெட்ராஸ் வெயிலு மட்டும் எளநியா ஊத்தப்போகுது? இப்பவே ஓட்டுறதா இருந்தா ஓட்டட்டும்.”

மச்சினன் தன் ஷூவைக் கழற்றி நீட்டினார். “இதப் போடுங்கண்ணே. யாரு பாக்கப்போறா?”

“சாமி பாக்கும் தம்பி. வேணாம்” என்று என் தம்பி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. வலியால் இல்லை. எனக்கு அவனைத் தெரியும்.

நான் போய் மீந்த ரெக்சினை எடுத்தேன். உள்ளே கனமான கம்பளித்துணி வைத்து, அவன் பாதத்தை என் மடியில் போட்டு அளவெடுத்து, பை மாதிரி இரண்டு தைத்தேன். எண்ணெய் தடவி வேட்டித்துணி சுற்றி, அதன் மேல் மாட்டினேன்.

“இதுவும் செருப்புத்தானக்கா.”

“செருப்புன்னா தரைய மிதிக்கும். இது தரையே பாக்காத புதுச் சரக்கு. நான் தச்ச சீட்டுல குண்டிய வச்சு உக்காருவ, கால வைக்கக்கூடாதா?”

என் வீட்டுக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். தம்பி காரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். பிறகு, “அப்ப நான் தரையில இறங்கக்கூடாது. தூக்கிப் போங்க” என்றான்.

என் வீட்டுக்காரர் ஒரு பக்கம், முதலாளியின் மச்சினன் ஒரு பக்கம். கோயில் சப்பரத்தைத் தூக்குவது போல அவனைத் தூக்கிக்கொண்டு போய்க் காருக்குள் இறக்கினார்கள்.

மறுபடியும் மூன்று ரவுண்டு. நான் மரத்தடிக்குப் போகவில்லை, வெயிலிலேயே நின்றேன். உள்ளே இருந்தபோது தெரியாதது வெளியே நின்றால் தெரிகிறது. கானல் அலையடிக்கும் தளத்தின் கோடியில் முதலில் ஒரு சிவப்புப் பொட்டுதான் இருக்கும். அது பெரிசாகாமலேயே நிற்பது போல இருக்கும். கண் சிமிட்டினால் நம்மைத் தாண்டிப் போயிருக்கும். சத்தம் பின்னால் வந்து சேரும். மூன்றாவது ரவுண்டில் தளர்ச்சி வருமா என்று உறுமலையே கேட்டுக்கொண்டிருந்தேன். வரவில்லை. கடைசி வளைவைத் தரையோடு தரையாக வழித்துக்கொண்டு வந்து நின்றது.

முதலாளி கடிகாரத்தை மச்சினனிடம் நீட்டினார். மச்சினன் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். பிறகு கையில் போட்டிருந்த தோல் உறையைக் கழற்றித் தம்பி மடியில் போட்டார்.

“மெட்ராசுக்குப் போட்டுட்டுப் போங்கண்ணே. கைக்குப் போடலாம்ல, இல்ல அதுக்கும் சாமி குத்தமா?”

“கைக்கு ஒண்ணும் இல்ல” என்றான் தம்பி. அழுதுகொண்டே சிரித்தான்.

“ஏப்பா, யாராவது இவன எறக்குங்கப்பா” என்று முதலாளி கத்தினார். ஆண்கள் ஓடினார்கள். நான் காரின் முன்பக்கம் போய் அந்தச் சிவப்புத் தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்தேன். சுட்டது. எடுக்க எனக்கு மனசு வரவில்லை.