ரெஜினாவும் நான் நாடி பார்க்காத அந்த ஒரு மணி நேரமும்

போன செவ்வாய்க்கிழமை காலை, முத்தையாபுரத்திலிருந்து டவுனுக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது செலின் போன் செய்தாள். ரெஜினாவின் மகள். பஸ் இரைச்சலில் அவள் சொன்னது காதில் விழவில்லை. "சத்தமாச் சொல்லு பிள்ள" என்றேன். "அம்மா போயிட்டாங்க வடிவு சித்தி" என்று அந்தப் பிள்ளை இரண்டாவது முறையும் சொல்ல வேண்டியதாயிற்று. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, உப்பளத்து ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு சாலையின் எதிர்ப்பக்கம் போய்த் திருச்செந்தூர் பஸ் பிடித்தேன். கடைசி நாட்களில் ரெஜினா மணப்பாட்டில் தம்பி வீட்டில்தான் இருந்தாள்.

அன்று மாலை மணப்பாட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். அவளோடு வேலை பார்த்த நர்ஸ்கள், அவள் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள், அவளிடம் திட்டு வாங்கியவர்கள். ஒவ்வொருவருக்கும் அவளைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கும். எனக்கு இருப்பதை இதுவரை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அதில் நான் நல்லவளாக இல்லை என்பதுதான் காரணம். இறந்தவளை 'அவர்' என்று எழுதுவதே மரியாதை. இருபது வருடம் "ஏளா", "வாளா" என்று பேசிய பிறகு எனக்கு அது வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்தோம். துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருந்த தனியார் மருத்துவமனை. இப்போது அது இல்லை. நான் தாமிரபரணிக் கரை நெல் ஊர்க்காரி. எங்கள் வீட்டில் பெண்கள் பேசினால் அடுத்த அறைக்குக் கேட்கக் கூடாது. ரெஜினா பேசினால் அடுத்த மாடிக்குக் கேட்கும். மாத்திரை கொடுக்கும்போதும் அதே குரல், செபம் சொல்லும்போதும் அதே குரல். "எங்க ஊர்ல காத்துக்கு மேல பேசினாத்தான் காதுல விழும்" என்பாள். கடற்கரை ஆட்கள் சண்டைக்காரர்கள், சின்ன விஷயத்தையும் பெரிதாக்குவார்கள் என்று சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் எனக்கு அப்படியெல்லாம் கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவள் கொண்டுவரும் மீன் குழம்பை அவள் பாத்திரத்திலிருந்தே எடுத்துச் சாப்பிடுவேன். அதையே எனக்கு நானே கொடுத்துக்கொண்ட நற்சான்றிதழாக வைத்திருந்தேன்.

ஒரு நாள் மதியம் அவசர சிகிச்சைப் பிரிவில் எனக்கு டூட்டி. ஒரு மணி இருக்கும். கீழவைப்பாரிலிருந்து ஒரு பெண்ணை வேனில் கொண்டுவந்தார்கள். பெயர் அமலி, முப்பது வயதுக்குள். கூட அவள் அக்கா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு "சேசுவே, மாதாவே" என்று அலறினாள். வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சத்தத்தைக் குறைங்கம்மா" என்றேன் நான். "உங்க கடற்கரை ஆளுங்களே இப்படித்தான். எதுக்கெடுத்தாலும் ஊரைக் கூட்டிருவிய."

பெஞ்சில் படுக்க வைக்கச் சொன்னேன். டாக்டர் மாடியில் இருந்தார். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார். நான் கூப்பிடவில்லை. அவளுடைய நாடியைக்கூடப் பார்க்கவில்லை. அக்கா இரண்டு மூன்று தடவை வந்து, "சிஸ்டர், ஒரு எட்டு வந்து பாருங்களேன், இவ இப்படிக் கத்துறவ இல்ல" என்றாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு சத்தம் தானாக நின்றது. அப்போது என் மனதில் வந்த நினைப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு வழியாக அடங்கினாளே என்று நினைத்தேன்.

இரண்டு மணி டூட்டிக்கு ரெஜினா உள்ளே வந்தாள். பை தோளில் இருக்கும்போதே பெஞ்சுக்குப் போய் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தாள். கண் இமையை விலக்கிப் பார்த்தாள். "எவ்வளவு நேரமா இங்கன கெடக்கா?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் டாக்டரைக் கூப்பிட்டாள், ஸ்ட்ரெச்சரை இழுத்தாள். கரு, கர்ப்பப்பைக்குள் தங்காமல் குழாயில் தங்கி, அது வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அடங்கியது வலி இல்லை, அவளிடம் கத்தவே தெம்பு இல்லாமல் போயிருந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். பிழைத்துக்கொண்டாள்.

ஏன் இவ்வளவு தாமதம் என்று டாக்டர் கேட்டபோது, லாரி விபத்தில் அடிபட்டு வந்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்றேன். ரெஜினா பக்கத்தில்தான் நின்றாள்.  பதிவேட்டைப் பார்த்துவிட்டு வந்து, உடை மாற்றும் அறையில் தனியாக இருந்தபோதுதான் கேட்டாள்.

"அந்த லாரிக்காரரை பன்னெண்டரைக்கே மேல கொண்டு போயிட்டாகளே. அதுக்கப்புறம் நீ சும்மாத்தான இருந்த?"

நான் உடுப்பை மடிக்க ஆரம்பித்தேன்.

"அவ உங்க ஊர்ப் பக்கத்துக்காரியா இருந்தா தொட்டுப் பாத்திருப்பியாளா?"

அவள் குரல் அவ்வளவு தாழ்ந்து ஒலித்ததை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். தொட்டுப் பார்த்திருப்பேன். அது அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த பத்து நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று ரெஜினாவுக்கு மட்டும்தான் தெரியும். சாப்பாடு இறங்கவில்லை. யாராவது கடற்கரையிலிருந்து வந்தால் விழுந்து விழுந்து கவனித்தேன். அவர்களுக்கே கூச்சமாக இருந்திருக்கும். இந்த வேலைக்கே லாயக்கில்லாதவள் நான் என்று ராஜினாமாக் கடிதம் எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன். ஒரு நாள் அமலியின் கட்டிலுக்குப் போய், அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். தையல் போட்ட வயிற்றோடு அவள் எழுந்து உட்கார முயன்று, "அழாதிய சிஸ்டர், அழாதிய" என்றாள்.

ரெஜினா வந்து என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள். அவள் என் மேல் கோபப்பட்டதை அன்று ஒரு நாள்தான் பார்த்திருக்கிறேன்.

"வயித்தைக் கிழிச்சுத் தச்சுப் போட்டிருக்கு. உன்னைத் தேத்துற வேலையும் அவளுக்கா?"

"நான் செஞ்சதை என்னால தாங்க முடியல ரெஜினா."

"தாங்க முடியலன்னா என்ன, தாங்கத்தான் செய்யணும். உன்னை நீ அடிச்சுக்கிடுதியே, அதுல அவளுக்கு ஒரு வலி குறையுதா? நீ இப்பவும் உன்னைத்தான் பாத்துக்கிட்டு இருக்க. அவளைப் பாக்கல."

கேன்டீனில் எனக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தாள். பிறகு, நான் கேட்காமலே, ஒரு விஷயத்தைச் சொன்னாள். இங்கே வருவதற்கு முன் அவள் வேறொரு ஊரில் பிரசவ வார்டில் இருந்தாள். ஆற்றுப் பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து சில மணி நேரம் ஆகியிருந்தது. ரெஜினா இரண்டு முறை போய் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்று அந்தப் பெண் மெல்லச் சொன்னாளாம்.

"உங்க ஆளுங்களைப் பத்தி எங்க ஊர்ல என்ன சொல்லுவாவ தெரியுமா? அழுத்தக்காரங்க, நம்மகிட்ட வாய் தொறந்தா கவுரவம் கொறஞ்சுரும்னு நெனைப்பாவன்னு. சரி, எங்கிட்டப் பேச இஷ்டமில்ல போலன்னு நானும் வந்துட்டேன். போர்வையை வெலக்கிப் பாக்கல. உள்ள ரத்தம் போயிட்டே இருந்திருக்கு, வடிவு."

அந்தப் பெண் பிழைக்கவில்லை.

ரெஜினா காபியை ஆற்றிக்கொண்டே தொடர்ந்தாள். மூன்று வருடம் தன்னைத் தானே மன்னிக்காமல் இருந்தாளாம். பெரிய நாள் பூசைக்குக்கூடப் புதுச்சேலை கட்டவில்லை. நல்ல சாப்பாடு சாப்பிட்டால் குற்றமாகத் தோன்றியது. வீட்டில் புருஷன் மேலும் செலின் மேலும் எரிந்து விழுந்தாள். "என்னை அடிக்கிறேன்னு நெனச்சேன். பக்கத்துல நின்னவங்க மேலதான் முக்காவாசி விழுந்திருக்கு" என்றாள். அந்த மூன்று வருடத்தில் ஒரு நாள், அதே பழைய நினைப்பில் மூழ்கி நின்றபோது, எதிரே ஒரு நோயாளிக்கு மூச்சுத் திணறியதைக் கவனிக்காமல் விட்டாள். பக்கத்துக் கட்டில்காரர் கூப்பிட்டதால் அந்த உயிர் தப்பியது. "தப்பை நெனச்சு நெனச்சு அதே தப்பைத் திரும்பச் செய்யப் பாத்தேன். அன்னைக்குத்தான் விட்டேன். மறக்கல. ஆனா அடிக்கிறதை விட்டுட்டேன்."

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவள் அதிகம் சொல்லவில்லை. டாக்டரிடம் சொன்ன பொய்யைத் திருத்து, அமலியிடம் நடந்ததைச் சொல், அழாமல் சொல் என்றாள். ராஜினாமாக் கடிதத்தை அவளே வாங்கி, காபித் தம்ளருக்கு அடியில் வைத்து, அந்த ஈரத்தோடு திருப்பிக் கொடுத்தாள். அதைக் கிழித்துப் போட்டது நான்தான்.

டாக்டரிடம் சொன்னேன். எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். ஆறு மாதம் அவசரப் பிரிவிலிருந்து மாற்றி, புறநோயாளிகளுக்கு ஊசி போடும் அறையில் வைத்தார்கள். அது நியாயம்தான். அமலி வீட்டுக்குப் போகும் நாளன்று அவள் முன்னால் நின்று, "நீங்க வந்தப்ப நான் உங்களைத் தொட்டுக்கூடப் பாக்கல. உங்க ஊரை வச்சு உங்களை முடிவு பண்ணிட்டேன். அதனாலதான் அவ்வளவு நேரம் ஆச்சு. தப்பு என்னோடதுதான்" என்றேன்.

"எனக்குத் தெரியும் சிஸ்டர். நீங்க ஊரைச் சொன்னப்ப எங்க அக்கா அழுதா" என்றாள். பிறகு, "மன்னிச்சிட்டேன்னு சொல்ல எனக்கு இப்ப வாய் வரல" என்றாள்.

இதை ரெஜினாவிடம் சொன்னேன். அவள் தலையசைத்தாள். "அது அவ பாடு. அவகிட்டயே விட்டுரு. நீ நாளைக்கு டூட்டிக்கு வா."

அதன் பிறகு அமலியை நான் பார்க்கவில்லை.

ரெஜினாவைப் புனிதையாக்கி எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஊரை வைத்து ஆளை எடைபோடும் அந்த நினைப்பு அவளுக்கும் வந்துகொண்டே இருந்தது. வடக்கே இருந்து ஆலை வேலைக்கு வந்த பையன்களைப் பார்த்தால் முகம் சுளிப்பாள். "இவனுவ குளிக்கவே மாட்டானுவ போல" என்று ஆரம்பிப்பாள். பாதியில் நிறுத்தி, என் பக்கம் திரும்பி, "வந்துட்டு பாரு" என்று சொல்லிச் சிரிப்பாள். தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று சொல்வதுபோல, அவ்வளவு சாதாரணமாக. பிறகு அந்தப் பையனிடம் போய், தனக்குத் தெரிந்த ஆறு இந்தி வார்த்தைகளையும் உரத்த குரலில் இறக்குவாள். எனக்கும் வரும். நானும் அவளிடம் சொல்லுவேன். வெளியே சொல்லிவிட்டால் அதற்குப் பாதி பலம் போய்விடும் என்பதை நாங்கள் இருவரும் கண்டுகொண்டோம்.

கடைசியில் நோய் அவள் நுரையீரலில் வந்தது. போன மாதம் தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் படுக்கையில் இருந்தாள். குரல் போய்விட்டது. தண்ணீர் கேட்டால் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்குக் கேட்காது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொல்வதைக் கேட்டு நர்ஸ் பெண்களிடம் சொன்னேன். அவர்கள் நல்ல பிள்ளைகள்தான், ஆனால் அவசரம். ஒரு மதியம் என்னைக் குனியச் சொல்லி, காதில் சொன்னாள்: "மெல்லப் பேசுறவங்க பாடு இப்பத்தாம்ளா முழுசாத் தெரியுது." அந்தப் பிரசவ வார்டுப் பெண்ணை நினைத்திருக்கிறாள் என்று தெரிந்தது. கண் கலங்கியிருந்தது. ஆனால் முகத்தில் வேதனை இல்லை. பிறகு கஞ்சி கேட்டாள். அரைத் தம்ளர் குடித்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் நான் டூட்டிக்குப் போனேன். இப்போது வேலை பார்க்கும் இடத்தில் அன்று காலை ஒரு இளைஞனை நண்பர்கள் தாங்கிக்கொண்டு வந்தார்கள். வடக்கத்திப் பையன். நடை தள்ளாடியது, நாக்கு குழறியது. காலையிலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது. ஆம், இத்தனைக்கும் பிறகு, ரெஜினாவை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்த மறுநாளே தோன்றியது. பக்கத்தில் நின்ற நர்ஸ் பெண்ணிடம் அதை வாய்விட்டே சொன்னேன்: "குடிச்சிருப்பான்னு எனக்குத் தோணுதும்மா. அது என் புத்தி. நீ முதல்ல சர்க்கரையைப் பாரு." சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றினோம். அரை மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, தன் செருப்பு எங்கே என்று தேடினான்.

ரெஜினாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இதுதான். எனக்குள் அந்த நினைப்பு வராமல் போகவில்லை, போகவும் போகாது. வந்தால் பார்த்துக்கொள்ளவும், பார்த்த பிறகு என்னை நானே குதறாமல் எதிரில் இருப்பவரிடம் போகவும் கற்றிருக்கிறேன். அன்று மாலை வீட்டுக்குப் போய்க் குளித்தேன். அவளுக்காகக் கொஞ்ச நேரம் அழுதேன். பசித்தது. சோறு வடித்துச் சாப்பிட்டேன்.