கடைசி ஆளுக்குப் பின்னால்

சிறுநீரக நோயாளருக்கு நிதி சேர்க்க முருங்கனிலிருந்து பேசாலைவரை நடந்தோம். கடைசியாக வருபவர் தளர்ந்தால் ஏற்றிக்கொள்ள ஒரு வான் பின்னால் ஊர்ந்து வந்தது. மன்னார்ப் பாலத்தின் எதிர்க்காற்றில் அந்தக் கடைசி ஆள் நான்தான்.

எனக்கு முன்னால் போன தொப்பைக்காரர், தலையில் ஈரத் துவாயோடு, சட்டென்று குனிந்தார்.

"சப்பாத்து லேஸ் கழண்டு போச்சு, தங்கச்சி. நீங்கள் நடவுங்கோ, நான் பின்னால வாறன்."

அதன்பிறகு நான் தளர்ந்தபோதெல்லாம் அவருடைய லேஸ் கழன்றது. திரும்பிப் பார்த்தால் குனிந்த முதுகும் அதற்குப் பின்னால் வானும் தெரியும். ஒழுங்காக முடிச்சுப் போடத் தெரியாத மனிதர் என்று எரிச்சல்கூட வந்தது.

பேசாலைக் கோயிலடியில் அவர் கதிரையில் சாய்ந்து காலை நீட்டியிருந்தார். தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"பாத்தீங்களோ, நடந்தே வந்திட்டீங்கள்!"

அவருடைய சப்பாத்தில் லேஸ் கோர்க்க ஓட்டையே இல்லை. அந்தத் தொப்பையோடு எத்தனை தடவை குனிந்திருப்பார்!