முதலில் தாயைப் பார்

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அந்த டாக்டரம்மாவை 'உஷ் டாக்டர்' என்றுதான் சொல்வார்கள். குழந்தையின் மூளையை ஸ்கேன் எடுக்க அவர் மயக்க மருந்து கொடுப்பதில்லை. வயிறு நிறையப் பால் குடிக்க வைத்து, துணியில் சுற்றி, தாயின் தோளிலேயே தூங்கவிட்டுத்தான் மெஷினுக்குள் வைப்பார். அதுவரை உதட்டில் விரலோடு வாசலில் காவல் நிற்பார். பெரிய டாக்டரே ஒருமுறை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வழியாகப் போனார்.

தாயின் மனச்சோர்வு குழந்தையின் மூளை வளர்ச்சியை எப்படித் தொடுகிறது என்பதுதான் அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சி. 'பிள்ளை பெற்றவள் நாலு நாள் அழத்தான் செய்வாள், இதற்கொரு ஆராய்ச்சியா?' என்று கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் கொடாக்கண்டர்கள் என்றால் இவர் விடாக்கண்டர். குழந்தையைத் தொடுமுன் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ எப்படிம்மா இருக்க?" என்று கேட்பார்.

"குழந்தை நல்லா இருக்கு டாக்டர்." எல்லாத் தாய்மாரிடமும் இந்த ஒரே பதில்தான்.

"நான் குழந்தையக் கேக்கலம்மா. உன்னைக் கேட்டேன்."

அவ்வளவுதான், பாதிப் பேர் உடைந்து அழுதுவிடுவார்கள்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். சொன்ன மகராசனை இந்த டாக்டரிடம் கூட்டி வர வேண்டும்.

அவருடைய ஒரே மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, மனச்சோர்வு இல்லாத தாய்மாரின் குழந்தைகளும் ஆராய்ச்சிக்கு வேண்டும். அதற்கு அங்கே வேலை செய்கிறவர்களின் வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வருவது வழக்கம். டாக்டரும் பேரனைக் கொண்டுவரச் சொன்னார். நர்ஸ் எப்போதும்போல மகளிடம் மனச்சோர்வு பற்றிய கேள்விகளைக் கேட்க நாற்காலியை இழுத்தாள்.

"அவளுக்கென்ன, ராஜாத்தி மாதிரி இருக்கா. நீ முதல்ல பையனை வாங்கு," என்றார் டாக்டர்.

மகள் குழந்தையை நீட்டிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். ஸ்கேன் முடிந்து திருப்பிக் கொடுத்தபோது அவள் வாங்கக் கொஞ்சம் நேரமாயிற்று. டாக்டர் அதைக் கவனிக்கவில்லை. படம் அருமையாக வந்திருந்தது. டீ கொண்டுவந்தவரிடம்கூடக் காட்டிப் பூரித்துப்போனார்.

அடுத்த மாதம் மாப்பிள்ளை போன் செய்தார்.

"அத்தை, உடனே வாங்க. குழந்தை அழுது அழுது தொண்டை கட்டிப்போச்சு. இவ குழாயைத் திறந்துவிட்டுட்டு பாத்ரூம் தரையில உக்காந்திருக்கா. கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்கமாட்டேங்கறா."

அதே ஆஸ்பத்திரியில்தான் மகளைச் சேர்த்தார்கள். "பிரசவம் ஆனதுலேருந்தே இப்படித்தான் இருந்திருக்காங்க மேடம்," என்றார் மனநல டாக்டர், தரையைப் பார்த்துக்கொண்டு. அந்த மாதங்கள் பேரனுக்குள் என்ன செய்திருக்கக்கூடும் என்று யாரும் டாக்டருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கட்டிலருகே உட்கார்ந்தார்.

"நீ எப்படிம்மா இருக்க?"

மகள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "குழந்தை நல்லா இருக்கான்மா."

அடுத்துச் சொல்ல வேண்டியது டாக்டருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் அதைச் சொல்லாமல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மகள் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.