அத்தை மடியில் என் கால்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில் என் புகுந்த வீட்டில் நடந்தது இது. என் மகள் பிறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஆபரேஷன் செய்து எடுத்த பிள்ளை. வீட்டுக்கு வந்த சில நாளிலேயே என் இடது கால் தொடை வரைக்கும் வீங்கிப் பளபளவென்று ஆகிவிட்டது. ஊன்றினால் உயிர் போகிற வலி. மதுரைக்குக் கொண்டு ஓடினார்கள். காலுக்குள் இருக்கிற ரத்தக் குழாயில் ரத்தம் கட்டியிருக்கிறது என்று சொல்லி ஊசி மேல் ஊசியாகப் போட்டார்கள். வீக்கம் பாதி வடிந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அனுப்பும்போது டாக்டர் சொன்னவை இன்னும் காதில் இருக்கின்றன. காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே விரலடியிலிருந்து தொடை வரை கிரேப் பேண்டேஜ் என்கிற இழுபடும் துணிக்கட்டைச் சுற்றிவிட வேண்டும். ரத்தம் கட்டாமல் இருக்கத் தரும் மாத்திரையை ஒருநாளும் விடக் கூடாது. கேட்காமல் வேறு மருந்து எதையும் தொடக் கூடாது. காலைத் தொங்கப் போட்டு வெகுநேரம் உட்காரக் கூடாது. அதற்காகப் படுத்தே கிடக்கவும் கூடாது, நடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காலைப் பிடிக்கவோ உருவவோ யாரையும் விடக் கூடாது.

எனக்கு அம்மா இல்லை. நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே தவறிவிட்டார். அதனால் பிரசவத்துக்கு என்னைக் கவனித்துக்கொண்டதெல்லாம் அத்தைதான், அதாவது என் மாமியார். அதிகம் பேசாதவர். என் மேல் அவருக்குப் பிரியமா, வெறும் கடமையா என்று கல்யாணமான நாளிலிருந்து எனக்குப் பிடிபடவே இல்லை.

மதுரையிலிருந்து வந்த மறுநாளே, பிள்ளை பெற்றவர்களுக்கு எண்ணெய் போட்டு உருவிவிடும் ஓர் அம்மாளை அத்தை வரவழைத்துவிட்டார். எண்ணெய் சுடவைத்த வாசனை அறைக்குள் வந்ததுமே எனக்குப் பகீரென்றது. காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"வேண்டாம் அத்தை. உருவவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

"நாலு பெத்தவ நான். எனக்குத் தெரியாததா? கல்லு மாதிரி இருக்கு காலு. உருவி விட்டாத்தான் வடியும்."

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். பிள்ளையும் சேர்ந்து அழுதது. வந்த அம்மாள் சங்கடப்பட்டுக்கொண்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அத்தை என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். வேளைக்குச் சாப்பாடு வரும், பிள்ளையைக் குளிப்பாட்டித் தூங்க வைப்பார். என் கால் பக்கம் மட்டும் திரும்ப மாட்டார்.

என் வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மிஷின் பிட்டராக இருந்தார். வேலைக்குக் கிளம்பும் முன்பு அவர்தான் கட்டுப் போட்டுவிடுவார். வயிற்றில் தையல் இருந்ததால் என்னால் குனிய முடியாது. ஒருநாள் காபியோடு வந்த அத்தை, மகன் என் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு டம்ளரை வாசல்படியிலேயே வைத்துவிட்டுப் போனார். எனக்கு அப்படியே பூமிக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

இதைவிடப் பெரிய கஷ்டம், எனக்கு நடக்கப் பயம். அடி எடுத்துவைத்தால் அந்த ரத்தக் கட்டி நகர்ந்து நெஞ்சுக்குப் போய்விடுமோ, பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விடுவேனோ என்ற நினைப்பு. கக்கூஸுக்குப் போய்விட்டு வந்தால் நேரே கட்டில்தான். நடந்தாயா என்று வீட்டுக்காரர் கேட்டால் நடந்தேன் என்று பொய் சொல்வேன்.

மாத்திரை அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கு ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் வந்தது. அவருக்கு லீவு கிடைக்கவில்லை. "நான் கூட்டிட்டுப் போறேன்" என்று அத்தை சுவரைப் பார்த்துச் சொன்னார். பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு இருவரும் பஸ் ஏறினோம்.

அங்கிருந்த டாக்டரம்மா ரிசல்ட்டைப் பார்த்து, மாத்திரை அளவை எழுதிக் கொடுத்து முடித்தார். நான் எழுந்துவிட்டேன். அத்தை எழவில்லை.

"ஏம்மா, இந்தக் காலை எண்ணெய் போட்டு உருவினா என்ன செய்யும்?"

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "உள்ள இருக்கிற கட்டி பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போய் அடைச்சிரும்மா. உயிருக்கே ஆபத்து. நல்ல வேளை, யாரும் உருவலை."

அத்தை முகத்தில் ரத்தமே இல்லை. மறுபடியும் கேட்டார். "பொறவு நடக்கச் சொல்லுதீகளே, நடந்தா மட்டும் அது அசையாதா? இவ பயந்துக்கிட்டு நடக்கவே மாட்டேங்கா."

நான் திடுக்கிட்டுப் போனேன். வாய்விட்டு யாரிடமும் சொல்லாத பயம் அது. இவருக்கு எப்படித் தெரிந்தது?

"மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு, கட்டுப் போட்டுக்கிட்டு தாராளமா நடக்கலாம். கெண்டைச் சதை அசைஞ்சாத்தான் ரத்தம் மேலே ஏறும். படுத்தே கெடந்தா மறுபடியும் கட்டும். திடீர்னு மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலிச்சாலோ, எங்கயாவது ரத்தம் கசிஞ்சாலோ மட்டும் உடனே வந்துரணும்."

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். எப்படியோ இரண்டு பேர் உட்காரும் சீட் ஒன்று கிடைத்தது. ஊர் எல்லை தாண்டுவதற்குள் கால் கனத்து விண்விண்ணென்று தெறித்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஜன்னல்ல சாஞ்சு திரும்பி உக்காரு."

திரும்பினேன். குனிந்து என் செருப்பைக் கழற்றினார். குதிகாலுக்கடியில் கை கொடுத்து, காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஐயோ அத்தை, காலு..." என்று இழுத்தேன்.

"சும்மா கெட, ஏட்டி."

பக்கத்தில் நின்றிருந்த பெரிய மனுஷி ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "மருமவ காலை மடியில வச்சிருக்கீகளே, பாக்க நல்லாவா இருக்கு?" என்றார்.

அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நோவுற காலு. தொங்கக் கூடாதாம். எம்மடி சும்மாத்தானே கெடக்கு" என்றபடி முந்தானையை எடுத்து என் பாதத்தின் மேல் போட்டு மூடினார். கையைக் கட்டின் மேல் வைத்திருந்தார். அழுத்திவிடக் கூடாதே என்று, தூங்குகிற பிள்ளையின் உச்சந்தலையில் வைப்பதுபோல வைத்திருந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வயலும் தென்னையும் ஒன்றும் தெரியவில்லை. கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

அந்த வாரமே என் வீட்டுக்காரருக்கு விடிவதற்கு முன்பே போகிற ஷிப்ட் வந்தது. முதல் நாள் காலை, கட்டுப் போட ஆளில்லாமல் கட்டிலிலேயே விழித்துக் கிடந்தேன். அத்தை உள்ளே வந்து கால்மாட்டில் உட்கார்ந்தார். பேண்டேஜை விரலடியில் தொடங்கி, ஒரு சுற்றின் மேல் பாதி ஏறினாற்போல அடுத்த சுற்றாக, ஒரே சீராகக் கொண்டுபோனார். எங்கும் இறுக்கமில்லை, எங்கும் தொளதொளப்பில்லை. எப்போது கற்றுக்கொண்டார் என்று புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்காதான் பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார். மத்தியானம் நான் தூங்கும்போது, துவைத்துக் காய்ந்த மாற்று பேண்டேஜை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் உட்கார்ந்து, தன் காலிலேயே சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருப்பாராம்.

அதற்குப் பிறகு என்னைப் படுக்க விடவில்லை. முதலில் வீட்டுக்குள், பிறகு கொல்லை, பிறகு தெருமுனை வரை. பிள்ளை அவர் தோளில், என் கை அவர் முழங்கையில். "பச்ச உடம்புக்காரிய இப்படித் தெருவுல நடக்க விடுதீகளே" என்று யாராவது கேட்டால், "நடந்தாத்தான் பொழைப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். நான் மூச்சு வாங்கினால் சட்டென்று நின்று, என் முகத்தையே உற்றுப் பார்ப்பார். மூச்சு சமமான பிறகுதான் அடுத்த அடி.

சில மாதங்களில் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். கால் பழையபடி ஆனது. முழுக்க அல்ல. இப்போதும் சாயங்காலமானால் அந்தக் கணுக்கால் லேசாக வீங்கும், தலையணை மேல் தூக்கி வைத்துக்கொள்வேன். எண்ணெய் சுடவைத்த அந்த நாளைப் பற்றி அத்தை கடைசி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் போய்ப் பல வருஷமாகிவிட்டது. ஆனால் அவருக்கு என் மேல் பிரியமா, கடமையா என்ற கேள்வியை, அவர் கையைப் பிடித்து நடக்கப் பழகிய அந்த மாதங்களுக்குப் பிறகு நான் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.