வெள்ளி, மாலை 6.10

இதில் ஒரு வரிகூட நான் கட்டிச் சொன்னதல்ல. அன்று மதியம் அதே அறையில்தான் இருந்தேன்.

மணிலாவில், மின்னஞ்சல்களை இறக்கித் தரும் மென்பொருள் செய்யும் சிறிய அலுவலகம் எங்களுடையது. ஒவ்வொரு முறையும் பெட்டி முழுவதையும் முதலிலிருந்து இறக்கியதால் அது ஊர்ந்து ஊர்ந்து ஓடியது. லூனிங்னிங்தான் வழி கண்டாள். கடைசியாக வந்த அஞ்சலின் நேரத்தைக் குறித்துவைத்து, அதற்குப் பிந்தியதை மட்டும் கேட்பது. மேலாளர் நெஸ்டர் அதைத் தன் பெயரில் போட்டுக்கொண்டார். கேள்வி கேட்டவளை வேலையை விட்டே அனுப்பினார். அன்று மாலை, அலுவலக வாசலில் அழுதுகொண்டே சாலையைக் கடந்தவள் ஜீப்னி வண்டியில் அடிபட்டுச் செத்தாள்.

புதன்கிழமை. லூனிங்னிங்கின் துக்க வீட்டிலிருந்து நெஸ்டர் காரில் கிளம்பினோம்.

"சார், வழியில ஒரு கடையில நின்னுட்டுப் போயிரலாம். நேராப் போனா செத்தவங்க கூடவே வந்துருவாங்க."

"என்ன பெர்லா, பயமா? மூணு மணிக்கு மென்பொருளை வாங்க ஆளுங்க வர்றாங்க. வழியில நிக்கிற வெட்டி வேலையைத்தானே மென்பொருள்லயே ஒழிச்சேன்!"

ஒழிச்சேனாம். நான் முனையிலேயே இறங்கி, ஒரு ரொட்டிக் கடையில் நின்றுவிட்டு நடந்து வந்தேன்.

மூன்று மணி. பொத்தானை அமுக்கினார். ஒரு நொடியில் அத்தனை அஞ்சலும் வந்து விழுந்தன. வாங்க வந்தவர்கள் கைதட்டினார்கள்.

டொக்... டொக்.

மேசையில் நகம் தட்டும் சத்தம். பேசுவதற்கு முன் லூனிங்னிங் அப்படித்தான் தட்டுவாள்.

"யாரு தட்டுறது?"

என்னைப் பார்த்தார். என் இரண்டு கைகளிலும் காபித் தட்டு.

திரையில் புதிதாக ஓர் அஞ்சல். அனுப்பியவர்... லூனிங்னிங். அவள் கணக்கை அவர்தான் அழித்திருந்தார். உள்ளே ஒரு சொல் இல்லை. நேரம் மட்டும், அதுவும் இரண்டு நாள் கழித்து வரப்போகும் நேரம்.

வெள்ளி, மாலை 6.10.

"கடிகாரக் கோளாறு," என்று சிரித்தார். மறுபடி அமுக்கினார்.

'புதியது எதுவுமில்லை.'

வந்தவர்கள் அஞ்சல் அனுப்பிப் பார்த்தார்கள். எதுவும் இறங்கவில்லை. வெள்ளி 6.10 வரைக்கும் எல்லாம் வந்தாயிற்று என்று மென்பொருள் நம்பியது. எழுந்து போய்விட்டார்கள்.

டொக்... டொக்.

இப்போது... அவர் நாற்காலிக்குப் பின்னால்.

வெள்ளி. 6.11.

என் திரையில் புது அஞ்சல்கள் மறுபடி தாமாக இறங்கத் தொடங்கின.

நெஸ்டர் சற்று முன்புதான் இறங்கிப் போயிருந்தார். கீழே கூச்சல்.

வாசலில் ஜீப்னி ஓட்டுநர் வண்டிக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தான்.

"ஒரு பொண்ணு அவர் சட்டையைப் பிடிச்சு இழுத்துச்சு... ரெண்டு பேரையும் இடிச்சேன். ஒருத்தர்தான் கெடக்காரு..."

திங்களன்று மென்பொருள் கோப்பைத் திறந்தேன். எழுதியவர் இடத்தில் நெஸ்டர் பெயர் இல்லை.

லூனிங்னிங்.

மாற்றிய நேரம்... வெள்ளி, மாலை 6.10.