ஓசைக்குப் பேர்போன மண்டபம்

எங்கள் டவுன் மண்டபத்தைப் படம் பிடிக்க வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். வெள்ளைக்காரத் துரைமார் கச்சேரி கேட்கக் கட்டியது. தேக்குத் தரை, மரக்கூரை, பெரிய மேடை. மைக் இல்லாமல் மெல்லப் பேசினாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் என்று வாசல் பலகையில் எழுதியிருக்கிறது. மேடையில் இருக்கும் பியானோவை நானுஓயா ஸ்டேஷனிலிருந்து தோளில் தூக்கி வந்தது எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். அது பலகையில் இல்லை. பியானோவை இறக்கி வைத்ததும் தூக்கி வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டார்களாம். நாங்கள் அந்த மண்டபத்துக்குள் தங்குவதற்கு மலை சரிய வேண்டியிருந்தது.

மண் சரிந்து, தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளில் பாதி போய்விட்டது. அக்காவின் மகள் அந்த நேரம் அந்தப் பாதியில் இருந்தாள். தோண்டினார்கள். கிடைக்கவில்லை. மிஞ்சியவர்களை மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். கயிறு கட்டி, சேலைகளைத் தொங்கவிட்டு, குடும்பம் குடும்பமாகப் பிரித்துக்கொண்டோம்.

மண்டபத்தின் அருமை அப்போதுதான் தெரிந்தது. ஒரு மூலையில் புருஷன் பெண்டாட்டி குசுகுசுத்தால் எதிர்மூலையில் கேட்கும். "என்ன மாமா, ராத்திரி அத்தைகிட்ட அம்புட்டு கெஞ்சினீங்களே, மன்னிச்சிட்டாங்களா?" என்று காலையில் கேலி பண்ணுவார்கள். முதலில் சிரித்தோம்.

அக்கா ஒருமுறைதான் வாய்விட்டு அழுதாள். அந்தச் சத்தம் கூரைக்குப் போய் எல்லோர் தலையிலும் இறங்கியது. குழந்தைகள் எல்லாம் விழித்துக்கொண்டு கத்தின. பக்கத்துச் சேலைக்குப் பின்னாலிருந்து ஓர் ஆள், "தாயி, கொஞ்சம் அடக்கிக்கம்மா. காய்ச்சக்கார புள்ள இப்பதான் தூங்குச்சு" என்றார். கெட்டவர் இல்லை. அவர் சொன்னது நியாயம்தான். அதற்குப் பிறகு அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். உடம்பு மட்டும் குலுங்கும்.

வெளியே கூட்டிப்போகலாம் என்றால் விடாத மழை, ரோட்டில் யாரையும் விடாமல் பொலிஸ். மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருந்தது. கதவுள்ள அறை. எங்களைப் பார்த்துக்கொள்ள வந்த அதிகாரியிடம், அக்காவுக்காக அதைக் கொஞ்ச நேரம் திறக்கச் சொன்னேன்.

"அதுக்குள்ள பழைய கதிரைகள் இருக்கு. திறக்க ஏலாது."

யாரும் உட்காராத கதிரைக்குக் கதவு இருந்தது. என் அக்காவுக்கு இல்லை.

ஒருநாள் கொழும்பிலிருந்து ஒரு கனவான் வந்தார். எங்களைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லிவிட்டு மேடையில் ஏறிக் கைதட்டினார். கூரையைப் பார்த்துச் சிரித்தார். "இப்படி ஓசை வேற எங்கேயும் இல்லையாம்" என்று அதிகாரி எங்களுக்குச் சொன்னார். நாங்கள் என்ன செய்வது அதை வைத்து? சோற்றில் பிசைந்து தின்பதா?

கொஞ்ச நாளில் கச்சேரிக்காக மண்டபத்தைத் திருத்தப்போவதாகச் சொன்னார்கள். லயத்தில் மிச்சமிருக்கும் காம்பரா அறைகள் நல்லாத்தான் இருக்கின்றன, திரும்பிப் போகலாம் என்றார்கள்.

"மேல மலை வெடிச்சு நிக்கிது. நீங்க வந்து அங்க படுங்க சார், நாங்களும் வாரோம்" என்று நான் கத்தினேன். போகமாட்டோம் என்று எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம். திரும்பிப் பார்த்தால் அக்கா சேலைகளை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"பைத்தியமா ஒனக்கு? மறுபடி மண்ணு வந்தா?"

"வரட்டும். அங்க கதவு இருக்குடி."

அதிகாரி அவளைக் காட்டி மற்றவர்களிடம், "அவங்க போறாங்கதானே?" என்றார். எல்லோரும் எங்களை வெறுப்போடு பார்த்தார்கள். எனக்கும் அவள்மேல் ஆத்திரம்தான். ஆனால் தனியாக விட முடியுமா?

எங்கள் காம்பராவில் சுவரெல்லாம் ஈரம். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான் வாசலில் உட்கார்ந்தேன். அவள் கத்தி அழுதாள், மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு. அக்கம்பக்கத்துக் காம்பராக்கள் காலி. அடக்கச் சொல்ல யாரும் இல்லை.

மேலே வெடிப்பு கறுப்பாகத் தெரிந்தது. மழை தூற ஆரம்பித்தது. அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட வேண்டும் என்று எழுந்தேன். கதவைத் தட்ட மனம் வரவில்லை.