துரை திருப்பி அனுப்பிய மூன்று புட்டிகள்

முட்டாள்தனத்தில் பல ரகம் உண்டு; என்னுடையது உசத்தி ரகம். கல்யாணமாகி மூன்று வருஷம் வேளை தவறாமல் மனைவி கையால் சாப்பிட்டு ஏப்பம் விட்டிருக்கிறேன். ஆனால் அவள் நாக்குக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுகூடத் தெரியாது. ஓர் ஒயின் கடைக்காரர் கேட்டபோதுதான் அது எனக்கு உறைத்தது. அதே கடை வாசலில், முந்தைய மாசம், "குடிக்காதே, குடியைக் கெடுக்காதே" என்று கத்திய கூட்டத்தில் கடைசி வரிசையில் நின்றவன் நான். போலீஸ் வந்தபோது ஓட்டத்தில் முதல் வரிசையும் நான்தான்.

மதுரையில் மதுக்கடை மறியல் மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலம். நான் வக்கீல் ஆபீசில் குமாஸ்தா. மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்குக் குடியிருந்தோம். மனைவிக்கு முதல் பிரசவம். டாக்டர் பக்கத்தில் இருக்கட்டும் என்று அவளை ஊருக்கு அனுப்பாமல், மாமியார் இங்கே வந்திருந்தார். குழந்தை நல்லபடி பிறந்தது. அதற்குப் பிறகு இவளுக்கு வந்த காய்ச்சல் ஒரு வழியாக விட்டது; விட்டபோது பசியையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. கஞ்சி இறங்கவில்லை. ரசம் இறங்கவில்லை. கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. பால் போதாமல் குழந்தை வீறிடும்போதெல்லாம் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

லேடி டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்னை வாசலுக்கு அழைத்தார்.

"சாப்பாட்டுக்கு முன்னால கொஞ்சம் ஒயின் குடுத்துப் பாருங்க. எந்த ஒயினா இருந்தாலும் சரி, அவங்களுக்கு இறங்கணும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஏதாவது சாப்பிடலைன்னா ஆஸ்பத்திரியில சேத்திடுங்க. அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

கடைசி வார்த்தையை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். மாமியாரிடம் ஒயின் என்றா சொல்ல முடியும்? "திராட்சை அரிஷ்டம் வாங்கப் போறேன் அத்தை" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ரயிலடிப் பக்கம் துரைமார்களுக்கு பிஸ்கோத்து, டின் வெண்ணெய், ஒயின் எல்லாம் விற்கிற கடை ஒன்றுதான் எனக்குத் தெரியும். வாசலில் கதர்ச்சட்டைத் தொண்டர்கள் மூன்று பேர். நெட்டையாக இருந்தவர் என்னைக் கண்டதும் கையை விரித்தார்.

"வாங்கண்ணே, வாங்க! அன்னைக்கு ஓடுனவுக இன்னைக்குத்தான் திரும்பி வாரீகளா?"

வரிசையில் நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. நானும் கத்தினேன். ஒயினை ஒழிக்கச் சொல்லி வாய் கத்துகிறது. வீட்டில் ஒருத்தி சுவரைப் பார்த்துப் படுத்திருப்பது கண்ணில் நிற்கிறது. ஆபீசுக்குப் போகிறேன் என்று சொல்லி நழுவினால் புட்டி கிடைக்காது. நின்றால் பொழுது போகிறது. கடைசியில் என் மூளை, அதன் தகுதிக்கு ஏற்ற ஒரு யோசனையைப் பெற்றெடுத்தது.

"நான் உள்ள போயி, கடைக்காரர்கிட்டப் பேசி அவரு மனசை மாத்திட்டு வாரேன்" என்றேன்.

நெட்டையர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். மற்ற இருவரும் எனக்கு ஜே போட்டார்கள். ஜே கோஷத்தோடு ஒயின் வாங்கப் போன ஆள் மதுரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கடைக்காரர் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கேட்டார்: "அவுகளுக்கு இனிப்புப் பிடிக்குமா, புளிப்பா, துவர்ப்பா?"

எங்கள் வீட்டில் நான் சாப்பிட்டு எழுந்த பிறகு, அதே இலையில், அடுப்படிக்குள் உட்கார்ந்து அவள் சாப்பிடுவாள். எதை இரண்டாம் முறை போட்டுக்கொள்கிறாள், எதை ஒதுக்குகிறாள் என்று நான் பார்த்ததே கிடையாது.

"நல்லா இருக்குறது எதுவோ அதைக் குடுங்கண்ணே."

"நல்லா இருக்குறது எதுன்னு எனக்கென்ன தெரியும்? நான் விக்கிறதோட சரி, நாக்குல வச்சதில்ல. துரை ஒருத்தர் ருசி பாத்துட்டு வேண்டாமின்னு திருப்பி அனுப்புன புட்டி மூணு கெடக்கு. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

வாசலில் கோஷம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அலமாரிக்குப் பின்னால் குனிந்து நின்று, ஆயுசில் முதல் தடவையாக ஒயினை நாக்கில் வைத்தேன். முதல் புட்டி வெளிறிய நிறம். மாங்காய்க் கொட்டையைக் கடித்ததுபோல் பல் கூசியது. இரண்டாவது கறுத்த சிவப்பு. நாக்கு அப்படியே சுருண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "இதை மனுசன் குடிப்பானா?" என்று கேட்டே விட்டேன். மூன்றாவது பாகு மாதிரி இனித்தது. தொண்டையில் வெதுவெதுப்பாக இறங்கியது. சந்தேகம் தீர இன்னொரு மடக்கு குடித்தேன். சந்தேகம் என்னிடம் ஏராளமாக இருந்தது.

"இதான்! இதுல புதுப் புட்டி ஒண்ணு குடுங்க" என்றேன். அதைக் குடைத்துணிக்குள் சொருகிக்கொண்டு வெளியே வந்தேன்.

"என்னண்ணே, மனசு மாறுச்சா?"

"மாறிக்கிட்டு இருக்கு" என்று வாயைப் பொத்தியபடி நடந்தேன்.

அன்று சாயங்காலம் மாமியார் அவளைத் தாங்கி உட்கார வைத்தார். நான் சின்ன டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய்தான். உடம்பு முழுக்க உலுக்கி, மத்தியானம் எப்படியோ இறங்கியிருந்த அரைக் கரண்டிக் கஞ்சியும் சேர்ந்து வெளியே வந்துவிட்டது. குழந்தை அழுதது. மாமியாரும் அழுதார். நான் டம்ளரைப் பிடித்தபடி நின்றேன். மறுநாள் சாயங்காலம் என்ற கெடு, வீட்டுக்குள் வந்து என் பக்கத்திலேயே நிற்பதுபோல் இருந்தது.

காலையில் மாமியார் குழந்தையைக் குளிப்பாட்டப் போனபோது, கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்து கேட்டேன். கேட்கவே கூச்சமாக இருந்தது.

"ஒனக்கு... என்ன ருசி பிடிக்கும்?"

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"பிள்ள பொறந்ததுலருந்து கருப்பட்டி லேகியமா உருட்டி உருட்டிக் குடுக்குறாக. இனிப்பு வாசம் பட்டாலே கொமட்டுது." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அழகர்கோயில்ல நாவப்பழம் வாங்கித் தந்தீகளே... அது இருந்தாத் திங்கலாம்."

அது நாவல்பழக் காலம் இல்லை. ஆனால் நாக்கைச் சுருட்டி மேலண்ணத்தில் ஒட்டவைத்த அந்தக் கறுத்த புட்டி ஞாபகத்துக்கு வந்தது. செருப்பை மாட்டினேனா என்பது இன்றுவரை தெரியாது. ஓடினேன்.

வாசலில் அதே மூன்று பேர். இந்தத் தடவை பொய் சொல்ல மூச்சு இல்லை. "பொண்டாட்டி சாகக் கெடக்கா. மருந்துக்கு ஒயின் வேணும். விடுங்க" என்றேன்.

நெட்டையர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நேத்து அம்புட்டு நேரம் எங்ககூட நின்னு கத்துனதுக்கு, இதை நேத்தே சொல்லியிருக்கலாமில்ல?" என்று சொல்லிவிட்டு வழி விட்டார்.

வீட்டுக்கு வந்து அந்தக் கறுத்த ஒயினை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். அவள் அதை முகர்ந்தாள். நாக்கு நுனியில் தொட்டாள். முகம் சுளிக்கப் போகிறாள் என்று வாந்தி எடுக்க வைத்திருந்த சட்டியை நான் தூக்கியபோது, டம்ளர் மெதுவாகக் காலியானது. உதட்டில் கறை. பிறகு, "அம்மா, கஞ்சியில ரெண்டு உப்புக் கல்லு கூடப் போட்டுக் கொண்டா" என்றாள்.

சாயங்காலம் டாக்டர் வந்தபோது அவள் இரண்டாம் கிண்ணக் கஞ்சியில் இருந்தாள். ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டுப் போனதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அலமாரியில் இருந்த அந்த இனிப்புப் புட்டியைத் தூக்கிக் காட்டி, "நானே ருசி பாத்து வாங்குனது, இம்புட்டும் வீணாப் போகுதே, இதை என்ன செய்ய?" என்று கேட்டேன்.

"ஒங்களுக்குப் பிடிச்சதுதானே, நீங்களே குடிங்க."